எழுதாத வசனத்துக்குக் காது வேண்டும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். கொழுந்து பறிக்கும் பெண்கள் சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டு, எதைச் சொன்னாலும் ‘சரிங்க சிஸ்டர்’ என்கிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் சர்க்கரை இறங்கியிருப்பதில்லை. ஆத்திரத்தில் திட்டிவிடுகிறேன். இப்போது, நோயாளியிடம் பேசப் பழகுவதற்கென்று இரண்டு நாள் நாடகப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார்கள். வசனம் எழுதித் தரமாட்டார்களாம், அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேச வேண்டுமாம். இந்த வயதில் எனக்கு வேடம் தேவையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசியம் போய் வாருங்கள். அங்கே வேடம் கட்டச் சொல்லமாட்டார்கள். காதுக்குத்தான் வேலை.

திண்டுக்கல்காரரான நீங்கள் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது; அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளியும் முருகனும் விடிய விடிய தர்க்கம் செய்வார்கள். கதை இருவருக்கும் தெரியும், ஆனால் அடுத்து என்ன பேசுவது என்பது எதிரில் நிற்பவர் வாயிலிருந்துதான் கிடைக்க வேண்டும். உங்கள் மேசைக்கு எதிரே உட்காரும் பெண்ணிடம் பேசுவதும் அப்படித்தான். நாமோ முதல் நோயாளி வருவதற்கு முன்பே முழு வசனத்தையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்.

1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும் மருத்துவர் குறுக்கிட எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 18 விநாடிதான். பின்னாளில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேட்டி வாட்சன் என்பவர் மருத்துவ மாணவர்களுக்கு, வசனம் எழுதித் தராத இந்த நாடக விளையாட்டுகளைப் பாடமாகவே நடத்தினார். இவற்றுக்கு வேர் இட்டவர் அதே ஊரின் வயோலா ஸ்போலின். பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழக அவர் விளையாட்டுகளை உருவாக்கினார். நீலகிரியின் படுகு மொழி பேசும் பாட்டியும் தமிழ் பேசும் நீங்களும் எதிரெதிரே உட்காரும் இடத்துக்கு இது எவ்வளவு பொருத்தம்!

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. எதிராளி முடித்த கடைசிச் சொல்லில்தான் உங்கள் வாக்கியம் தொடங்க வேண்டும். அவர் முடிக்கும்வரை உங்களால் வாய் திறக்கவே முடியாது. பேசிப் பாருங்கள், முதல் ஐந்து நிமிடம் தவித்துப்போவீர்கள்.

இன்னொன்று, எதிராளி தருவதை மறுக்காமல் ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ‘காலையில் மாத்திரை போடுவதில்லை சிஸ்டர்’ என்கிறார் ஒருவர். ‘ஏன் போடவில்லை?’ என்று அதட்டினால் ‘மறந்துவிட்டேன்’ என்பார், பேச்சு அங்கே முடிந்துவிடும். ‘காலையில் போடுவதில்லை, சரி. காலையில் வேலை எப்படி இருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கழிப்பறை இல்லாத தேயிலைச் சரிவில், ஆண் மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் என்ன செய்வார்? பின்னால் வரிசை நிற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்வாரா? சொல்லிவிட்டால், சாப்பாட்டோடு போடுவதா, வேளையை மாற்றுவதா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல உங்களுக்கு ஒரு வழி பிறக்கும்.

ஏற்பது என்றால் தலையாட்டுவது அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிப்பதாகச் சொன்னால், அவர் சொன்னதை ஏற்கிறீர்கள், செய்ததை அல்ல. ஓ.பி. நாளில் கூட்டம் நெரியும்போது எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது என்பதையும் அறிவேன். அது உங்கள் குற்றமும் இல்லை. ஒரு நாளைக்கு ஒருவர், இருவர் என்று தொடங்குங்கள்.

என் தாயாரோடு மருத்துவமனை வராந்தாக்களில் பல ஆண்டுகள் காத்திருந்தவள் நான். ஒரு சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘சொல்லுங்கம்மா’ என்று காத்திருந்தார். வீட்டில் எங்களிடம்கூடச் சொல்லாத நெஞ்சுவலியை அம்மா அன்றுதான் சொன்னார்.

பயிற்சியில் நோயாளியாக நடிக்க ஆள் கேட்டால் முதலில் நீங்கள் கை தூக்குங்கள். செவிலியர் நாற்காலியில் உங்கள் நிலையத்து ஆயாம்மா உட்காரட்டும்.