வாத்தியாருக்குக் கொடுத்த வாக்கு

அன்புள்ள ஐயா,

போன மாதம் அப்பா காலமானார். விசைத்தறித் தொழிலாளி, எம்.ஜி.ஆர். ரசிகர். அவருடைய தகரப்பெட்டியில் சேமிப்பு ஏதாவது இருக்கும் என்று திறந்தோம். பழைய பாட்டுப் புத்தகங்களும் மன்ற அட்டையும்தான் இருந்தன. கூலியில் பாதி தோரணத்துக்கும் மன்ற விழாவுக்கும் போனது. பீடி, சாராயம் எதையும் தொட்டதில்லை. "வாத்தியார் தொடமாட்டார்" என்பார். தன் பெயரைக்கூட அறியாத ஒருவருக்காக ஆயுளைத் தொலைத்துவிட்டாரே என்று கோபம் வருகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பணம் அது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பீடி, சாராயம் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் தாய்மாமாவுக்குத் திக்குவாய். கடையில் கால் கிலோ சர்க்கரை கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். உயிர் பிழைத்தார், குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. பின்னால் வந்த படங்களில் அவர் பேச்சு குழறியபோது கொட்டகையில் சிலர் சிரிப்பார்கள். மாமா பெஞ்சு நுனிக்கு நகர்ந்து, ஒவ்வொரு சொல்லும் வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தக் குரலோடு அவர் மேடைமேடையாகப் பேசி 1977இல் முதலமைச்சரும் ஆனார். அந்த வருடம்தான் மாமா முதன்முறையாகத் தானே கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்தார். அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

1983இல் டாஸ்மாக்கைத் தொடங்கியதும் எம்.ஜி.ஆர். அரசுதான். ரசிகர்களுக்கு அது பெரிய அடி. உறவினர் ஒருவர் மாமாவிடம், "உன் வாத்தியாரே கடை திறந்துவிட்டார், இன்னும் உனக்கென்ன விரதம்?" என்று சீண்டினார். மாமா வெகுநேரம் திக்கி, "வாக்குக் கொடுத்தது நான்" என்றார்.

உங்கள் அப்பாவும் அப்படி ஒரு வாக்கைத்தான் காத்திருக்கிறார். தறிச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, சாராயக் கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்த கால்கள் அவருடையவை. அந்தப் பலனை அனுபவித்தவர் நீங்களும் உங்கள் அம்மாவும்.

பாட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் நைந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.