நல்ல கையைக் கட்டிவைக்க வேண்டுமா?

சகோதரி, பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலை) உள்ள உங்கள் நான்கு வயது மகன் வலக்கையை ஒதுக்குகிறான், அதைப் பழக்குவதற்காக நல்ல இடக்கைக்கு உறை போட்டால் அழுகிறான், எண்ணெய் தேய்த்தாலே போதும் என்கிறார் மாமியார் என்று எழுதியிருந்தீர்கள்.

எண்ணெய் இதமளிக்கும், தேய்த்துவிடுங்கள். ஆனால் கையைப் பழக்குவது பிள்ளை தானாகச் செய்யும் அசைவு மட்டுமே.

உறை ஒன்றே வழி அன்று. பயிற்சி நேரம் சமமாக இருந்தால் இரு கைகளையும் சேர்த்துச் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. தெரபிஸ்டிடம் அதைக் கேளுங்கள். மைலோ டின்னை வலக்கை பிடிக்க, இடக்கை மூடியைத் திறக்கட்டும். சப்பாத்தி மாவை உருட்டட்டும். எதைக் கற்க வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும். அப்போதுதான் அழாமல் செய்வான். மருத்துவமனையில் கிடைக்கும் அரை மணி நேரம் நிச்சயமாகப் போதாது. சில வாரங்களில் மொத்தம் 30, 40 மணி நேரமாவது சேர வேண்டும்; பெரும்பகுதி உங்கள் பினாங்கு வீட்டுச் சமையலறையில்தான் நடக்கும்.

கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இறுகியே இருந்தால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் விசாரியுங்கள். அது சில மாதங்களே தளர்த்தும். அந்த மாதங்களில் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.