சீசனில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுவதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

கோத்தகிரிக்காரர் கேட்டிருப்பது இரண்டு: ஏப்ரல், மே சீசனில் வெள்ளை போர்டு காரில் டூரிஸ்டுகளை ஏற்றுவதையும், போன வருஷம் கிளெய்ம் வாங்கியதையும் சொல்லாமல் பாலிசியைப் புதுப்பித்தால் என்ன ஆகும்?

முதல் விஷயம்தான் பெரிய வம்பு. சொந்தக் காருக்கான பாலிசியை எடுத்துப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று அதில் அச்சிட்டே இருக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடாகி, கொண்டை ஊசி வளைவில் கார் மோதியது என்று வையுங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பம்பரை மட்டும் பார்க்க மாட்டார். வண்டியில் யார் இருந்தார்கள், உங்களுக்கு என்ன உறவு, எங்கே ஏற்றினீர்கள் என்று கேட்பார். அடிபட்ட பயணி "நாள் வாடகை பேசித்தான் வந்தோம்" என்று போலீஸில் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. ரிப்பேர் செலவு உங்கள் தலையில். ரோட்டில் நடந்து போனவருக்கு அடிபட்டிருந்தால், கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ள கோர்ட் சொல்லலாம்.

சரி, கம்பெனியிடம் சொன்னால் மட்டும் போதுமா? போதாது. ஆர்டிஓ ஆபீஸில் பர்மிட் வாங்கி மஞ்சள் போர்டுக்கு மாறி, டாக்ஸிக்கான பாலிசி எடுக்க வேண்டும். பிரீமியம் கூடும்தான்.

கிளெய்ம் விஷயம் சின்னது. கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்காக, உங்கள் கார் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் அது, அதைக் காப்பாற்றும் தனி ஆட்-ஆன் (கூடுதல் கவர்) எடுக்காதவர்களுக்கு ஒரே கிளெய்மில் பூஜ்யம். கம்பெனி மாற்றினால் தெரியாது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். பழைய கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அப்புறம், கேஸ் கிட் மாட்டியிருந்தால் அதையும் ஆர்சி புத்தகத்திலும் பாலிசியிலும் ஏற்றிவிடுங்கள்.