இலையை மட்டும் பார்த்து ப்ளூமேரியா (ஈழத்தலரி) எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். நர்சரியில் 'ஆல்பா' என்று சொல்லிக் கொடுத்த கன்று இன்னும் பூக்கவில்லை, அது நிஜமாகவே ஆல்பாதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பூக்கிற வரை காத்திருந்தாலும் பூவின் நிறத்தை நம்பி முடிவு செய்ய முடியாது. வெள்ளைப் பூ ப்ளூமேரியாவின் மற்ற இனங்களான ரூப்ராவிலும் வரும், அப்டூசாவிலும் வரும், புடிகாவிலும் வரும். இலைதான் நம்பகமான அடையாளம்.

சென்னையில் எங்கள் மொட்டைமாடியில் ரூப்ரா, அப்டூசா, புடிகா மூன்றும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நிற்கின்றன. ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஆனாலும் இலைகளைப் பறித்து வரிசையாக வைத்தால் ஒரே குடும்பம் என்றே நம்ப முடியாது.

முதலில் நுனியைப் பாருங்கள். ரூப்ராவின் இலை இரண்டு பக்கமும் குறுகி, நுனி கூராக முடியும். மேல்பக்கம் மங்கலான பச்சை, பளபளப்பு கிடையாது, சில வகைகளில் அடிப்பக்கத்தைத் தடவினால் மெல்லிய சுனை விரலுக்குத் தட்டுப்படும். நன்றாக வளர்ந்த மரத்தில் ஒரு இலை 30 செ.மீ.க்கு மேல்கூடப் போகும். அப்டூசா இதற்கு நேர் எதிர்: காம்புப் பக்கம் குறுகலாக ஆரம்பித்து நுனிப் பக்கம் அகன்று, மழுங்கிய வட்டமாக முடியும், சில இலைகளில் நுனியில் ஒரு சின்னப் பள்ளம்கூட இருக்கும். கரும்பச்சை, தடிமன், எண்ணெய் தேய்த்துத் துடைத்த மாதிரி மினுக்கும். இதைத்தான் பல நர்சரிகளில் 'சிங்கப்பூர்' என்று விற்கிறார்கள், ஆனால் செடியின் சொந்த ஊர் கரீபியன் தீவுகள் பக்கம்.

புடிகாவை யாரும் தவறவிட மாட்டார்கள். பனாமா, கொலம்பியா, வெனிசுவேலா பக்கத்துச் செடி. இலை அடியில் ஒடுங்கி, நுனியை நெருங்கும்போது இரண்டு பக்கமும் விரிந்து, திரும்பக் குறுகி முடியும். பூ கொத்துக் கொத்தாக வரும், ஆனால் வாசனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாசனைக்காக வாங்குவதாக இருந்தால் ரூப்ராவுக்கே போங்கள்.

சரி, இப்போது உங்கள் ஆல்பா. 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ரூப்ரா, ஆல்பா, அப்டூசா மூன்றையும் தனித்தனி இனங்களாகப் பெயரிட்டார். போர்ட்டோ ரிக்கோவும் அதன் கிழக்கே உள்ள சிறு தீவுகளும்தான் அசல் ஆல்பாவின் இடம். அதன் இலை குறுகலாக, நீளமாக இருக்கும். விளிம்பு கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெண்மையான பஞ்சு படிந்தது போலத் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்து இல்லாவிட்டால் அது ஆல்பா இல்லை. நம் ஊரில் வெள்ளையாகப் பூக்கிற எதையும் ஆல்பா என்று சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது, நான் திருப்பிப் பார்த்தவரைக்கும் அவை வெள்ளைப் பூ ரூப்ராவாகவோ அப்டூசாவாகவோதான் இருந்தன. செடி வாங்குகிறவர்கள் இலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, நரம்பை வைத்து இனம் பிரிக்கப் பார்க்காதீர்கள். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நடு நரம்பிலிருந்து கிளம்பும் பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல், விளிம்பையொட்டி ஓடும் ஒரு மெல்லிய நரம்பில் போய்ச் சேருவது அழகாகத் தெரியும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இது ரூப்ராவிலும் உண்டு, அப்டூசாவிலும் உண்டு.

எந்த இலையை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். துளிர் இலையும், இலையுதிர்த்த பிறகு முதலில் வரும் சின்ன இலைகளும் சரியான வடிவத்தைக் காட்டாது, நிழலில் நிற்கும் செடியில் இலை மெலிந்து பெரிதாகிவிடும். வெயில் படும் கிளையில் நடுவில் உள்ள முற்றிய இலையை எடுங்கள். பறித்ததும் பால் வடியும், சிலருக்குத் தோலில் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள். மினுக்கம் கொஞ்சம், கூர் கொஞ்சம் என்று இரண்டுங்கெட்டானாக இருந்தால் அது ரூப்ராவும் அப்டூசாவும் சேர்ந்த கலப்பினமாக இருக்கலாம்.

அப்புறம், அடிப்பக்கத்தைத் திருப்பும்போது ஆரஞ்சு நிறத்தில் பொடி ஒட்டினால் அது இனத்தின் அடையாளம் இல்லை, துரு நோய். ரூப்ராவில் மழைக்காலத்தில் அதிகம் வரும். அந்த இலைகளைக் கிள்ளித் தொட்டியிலிருந்து தூரமாகப் போட்டுவிடுங்கள், கீழே விழுந்த இலைகளையும் பொறுக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மார்கழி, தை வரை பாருங்கள். ரூப்ரா இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், அப்டூசாவும் புடிகாவும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மொட்டையாக நிற்கிற செடிக்குத் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகிவிடும். முற்றிய இலை ஒன்றின் நுனியையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.