பிரஷர் ஏறி இறங்கினால், முகம் உப்பினால்: ஹார்மோன் கட்டிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், 28 வயதுத் தம்பிக்கு நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் வகை 1 (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்). திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு வருகிறது. பிரஷரும் ஏறுகிறது. பயத்தால்தான் என்கிறார்கள்.

பதில்: பயம் என்று விட்டுவிடாதீர்கள். இவை சேர்ந்து வந்து வந்து போனால் ஃபியோகுரோமோசைட்டோமாவை நினைக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளர்ந்து அட்ரினலினைக் கண்டபடி கொட்டும் கட்டி அது. தம்பியின் நோய் உள்ளவர்களில் சிலருக்கே வரும். ஆனாலும் பிரஷர் இருந்தால் தேடியே ஆக வேண்டும். முதலில் ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து உருவாகும் பொருள்) பாருங்கள், அளவு கூடியிருந்தால் ஸ்கேன். நியூரோஃபைப்ரோமட்டோசிஸில் சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கியும் பிரஷர் ஏறலாம், அதையும் கேளுங்கள்.

கேள்வி: கட்டி இருந்தால் உடனே ஆபரேஷனா?

பதில்: உடனே கூடாது. ஒன்றிரண்டு வாரமாவது ஆல்ஃபா பிளாக்கர் (ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் மருந்து) கொடுத்து, உப்பும் தண்ணீரும் போதுமான அளவு சேர்த்த பிறகுதான். படபடப்புக்கு பீட்டா பிளாக்கரை (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) முதலில் தொடங்குவது ஆபத்து. ரத்தக்குழாய்கள் இறுகி பிரஷர் எகிறிவிடும்.

கேள்வி: எனக்கு மென்-2ஏ (MEN 2A), அதாவது தைராய்டு புற்றுநோயும் ஃபியோகுரோமோசைட்டோமாவும் வரவைக்கக்கூடிய பரம்பரை நோய். ரெட் (RET) மரபணுவில் மாற்றம். மகளுக்கு 3 வயது. இப்போதே பார்க்கணுமா மேடம்?

பதில்: பாருங்கள். அந்த மரபணு மாற்றம் அவளுக்கு வர 50 சதவீத வாய்ப்பு. உங்களுக்குள்ள அதே மாற்றம் அவளிடம் இல்லையென்றால் இந்தக் கவலை முடிந்தது. அந்த மரபணுவின் 634ஆம் கோடான் என்ற இடத்தில் மாற்றம் இருந்தால், புற்றுநோய் வருமுன் 5 வயதிலோ அதற்கு முன்போ தைராய்டை எடுக்கச் சொல்வோம்.

கேள்வி: எச்ஐவிக்கு ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு ஃப்ளூடிகசோன் இன்ஹேலர். முகம் உப்பிவிட்டது, தோல் லேசாகத் தட்டினாலே கன்றுகிறது. ஆனால் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) மிகக் குறைவாம். கட்டியா சார்?

பதில்: கார்டிசால் சுரக்கும் கட்டி என்றால் அளவு கூடியிருக்கும். உங்கள் விஷயத்தில் இன்ஹேலரைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். அதிலுள்ள ஸ்டீராய்டைக் கல்லீரல் சிதைக்காதபடி ரிட்டோனாவிர் தடுக்கிறது. அது உடம்பில் தேங்கி முகத்தை உப்ப வைக்கும், அட்ரினலையும் தூங்க வைத்துவிடும்; அதனால்தான் கார்டிசால் குறைவு. இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெக்லோமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மாறலாமா என்று கேளுங்கள். நெஞ்சு டாக்டரிடம் எச்ஐவி மாத்திரையைச் சொல்லவில்லை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள். பலர் பயந்து மறைப்பது எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் தெரிந்துகொண்டால்தான் சரியான மருந்து தர முடியும்.

கேள்வி: எச்ஐவியும் ஃபியோகுரோமோசைட்டோமாவும் ஒருவருக்கே இருந்தால்?

பதில்: ரிட்டோனாவிர், டாக்ஸசோசின் என்ற ஆல்ஃபா பிளாக்கரின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். ஆகவே குறைந்த டோஸில் தொடங்கி, படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.