வாசகர் கேள்வி: திமிங்கலச் சுறாவுடன் நீந்த

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளப்பாறைக்குப் போகிறோம். திமிங்கலச் சுறாவைப் பார்க்க ஸ்கூபா (காற்றுத் தொட்டியுடன் முக்குளிப்பது) கற்க வேண்டுமா? என் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஸ்கூபா வேண்டாம், அங்கே ஸ்நோர்க்கல்தான் (குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீர்ப்பரப்பில் நீந்துவது). மார்ச் முதல் ஜூலை வரை பருவம் என்பதால் ஜூன் நல்ல தேர்வு.

தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் காரணம், சிலிக்கோன் விளிம்புக்கடியில் சிக்கிய முடிதான். பலரும் வாரை இறுக்குவார்கள்; அதனால் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். வாரைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அளவு சரி. புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பனி படிவது குறையும்.

இந்தச் சுறா மெதுவாகப் போவதுபோல் தெரியும், ஆனால் கூடவே நீந்துவது கடினம். அதனால் புறப்படும் முன் நீச்சல் குளத்தில் துடுப்புக்காலணியோடு பழகுங்கள். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து உதையுங்கள், இல்லையெனில் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள்.

நீரில் ஒரு நேரத்தில் 10 பேர்தான். சுறாவின் உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி, பக்கவாட்டிலேயே நீந்துங்கள். முன்னால் போய் மறித்தால் அது ஆழத்துக்குப் போய்விடும், எல்லோருக்கும் நஷ்டம். தொடவே கூடாது, ஃபிளாஷும் கூடாது. அது உங்கள் பக்கம் திரும்பினால் பதறாமல் ஓரமாக விலகுங்கள்.

கடல் பயணக் குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு அது அவ்வளவாக உதவாது.