வேகமான விங்கரை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பள்ளிப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். அணியில் 16 பேர். அடுத்து மோதப்போகும் அணியின் ரைட் விங்கர் (வலது ஓரத்தில் தாக்கி ஆடுபவன்) படுவேகம். போன முறை அவனால்தான் தோற்றோம். நடு மைதானத்தில் ஆடும் எங்கள் சென்டர் ஹாஃப்தான் அணியிலேயே கெட்டிக்காரன். அவனை விங்கரோடு ஒட்டிக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் சார். சென்டர் ஹாஃப் ஓரத்துக்குப் போனால் நடு மைதானம் காலியாகிவிடும். எதிரணி கோச் விங்கரை அடுத்த பக்கத்துக்கு மாற்றினால் உங்கள் பையனும் பின்னாலேயே ஓடுவான். ஒரே ஆளுக்காக மொத்த அணியும் கலைந்துவிடும்.

அந்த விங்கர் வருவது உங்கள் இடது பக்கம். தடுப்பவருக்கு அதுதான் மிகக் கடினமான இடம். மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தை ஆடலாம், இடதுகைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. அதனால் எல்லோருக்கும் வலப்பக்கம்தான் பலம். உங்கள் ரைட் பேக் (வலது பின்வரிசை வீரர்) எதிராளியை ஓரக் கோட்டுப் பக்கம் ஒதுக்கினால் பந்து ரைட் பேக்கின் வலப்பக்கமே வரும். லெஃப்ட் பேக் அதையே செய்தால் பந்து அவனுடைய ரிவர்ஸ் பக்கம், அதாவது பலம் குறைந்த இடப்பக்கம் போய்விடும். எனவே அங்கே ஓட்டக்காரனைவிட, காலைச் சரியாக வைக்கத் தெரிந்தவனை நிறுத்துங்கள். அவன் கோட்டுப் பக்கமாக அரை அடி தள்ளி நிற்கட்டும். விங்கர் உள்ளே திரும்பினால் பந்து இவன் வலப்பக்கம் வரும். அங்கே லெஃப்ட் ஹாஃப் (இடது நடுக்கள வீரர்) துணைக்கு இருக்க வேண்டும். மீறி வெளிப்பக்கம் போனால் பாய வேண்டாம், கூடவே ஓடி மூலைக்குத் தள்ளினால் போதும். கோலுக்கு முன்னால் இருக்கும் ‘டி’ வளைவுக்குள் அவசரப்பட்டு மட்டையை வீசித் தப்பாட்டம் ஆனால், எதிரணிக்குக் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர்தான்.

இதைவிட முக்கியமான வேலை உங்கள் லெஃப்ட் விங்கருக்கு. எதிரணி ரைட் பேக்கிடமிருந்து விங்கருக்குப் பந்து போகும் வழியில் அவன் மட்டையைத் தரையில் வைத்து நிற்க வேண்டும். பந்தே வராவிட்டால் வேகம் என்ன செய்யும்?

ஆள் மாற்றுவதற்குக் கணக்கில்லை, பெனால்டி கார்னர் நேரத்தில் மட்டும் முடியாது. அவர்கள் விங்கரை உட்கார வைக்கும்போது உங்கள் லெஃப்ட் பேக்குக்கும் ஓய்வு கொடுங்கள். லெஃப்ட் பேக்கையும் லெஃப்ட் ஹாஃபையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள்.

ஒவ்வொருவனுக்கும் இரண்டாவது வேலை ஒன்றும் தெரிந்திருக்கட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடம் நம் பின்வரிசை வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். நடுக்கள வீரர் மன்பிரீத் சிங் பின்வரிசைக்கு இறங்கினார். மீதி ஆட்டம் முழுக்க 10 பேரோடு தாக்குப்பிடித்து 1–1 சமன் செய்தோம், ஷூட் அவுட்டில் 4–2 வென்றோம். பழகாத அணியால் அது முடியாது.

போட்டிக்கு முந்தைய பயிற்சிகளில் 23 மீட்டர் கோட்டிலிருந்து இடது ஓரத்தில் மூன்று பேர் தாக்க, லெஃப்ட் பேக்கும் லெஃப்ட் ஹாஃபும் மட்டும் தடுக்கட்டும். “உள்ளே வர்றான்”, “நான் பார்த்துக்கிறேன்” என்று இருவரும் வாய்விட்டுக் கத்தும்வரை திரும்பத் திரும்ப ஆடவிடுங்கள்.